யார் வீட்டுச் சாவு

யோங் பெங்
4 பிப்ரவரி 2024

அன்புத் தம்பி கனகராஜுக்கு அக்கா தேன்மொழி எழுதுவது.

ஆண்டவர் கிருபையில் நான் நலம். நீயும் ஷர்மினியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போகிறது. கிளினிக்கில்தான் வேலை, ஆனால் மாத்திரை மட்டும் போடமாட்டேன் என்று டாக்டர் திட்டுகிறார்.

ஏன் தாளில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறாய். தாளுக்குக் கட்டைவிரல் போட முடியாது. நீயும் தாளிலேயே பதில் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் ஒன்பதாம் தேதி சபைக்கு எதிர் வீட்டு வீரமுத்து அண்ணனுக்குத் தலைத்திவசம். அவர் மனைவி கிருஷ்ணம்மா அக்கா வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் சொன்னார். உன்னைக் கூப்பிடச் சொல்லவில்லை. கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

போன வருஷம் நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் இரண்டு பேரும் அதை வாய் திறந்து பேசியதே இல்லை. நம் சபையில் முப்பது வருஷ வழக்கம் ஒன்று உண்டு. இந்தத் தாமான் குடியிருப்பில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், இந்துவோ சீனரோ, அவர்கள் கேட்பதற்கு முன்னால் நம் நாற்காலிகள் அங்கே போய்விட வேண்டும். வீரமுத்து அண்ணன் இறந்தபோதும் போயின. ஆனால் அந்த மாதம்தான் நீ கோலாலம்பூரில் சபை வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் போய் வந்திருந்தாய். நாற்பது நாற்காலிகளின் முதுகிலும் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாய். 'துக்கத்தில் இருக்கிறீர்களா? உங்களுக்கு ஓர் இடம் உண்டு. ஞாயிறு காலை 9.30.' கீழே சபையின் பெயரும் போன் நம்பரும்.

பண்டார் தெங்காராவிலிருந்து வந்த பங்காளிகள் அதை வாய்விட்டுப் படித்தார்கள். "என்னப்பா இது, பொணத்த வச்சிக்கிட்டு ஆள் சேக்கறாங்க?" என்று ஒருவர் கேட்டார். வீரமுத்து அண்ணனின் மகன் லோகேஸ்வரன் எழுந்தான். அப்பாவின் உடல் ஹாலில் கிடக்க, உட்கார்ந்தவர்களை எழுப்பி, நாற்காலிகளைத் தூக்கி வந்து நம் கேட்டுக்கு வெளியே அடுக்கினான். வந்த ஜனமெல்லாம் தூறலில் நின்றது. அந்த ஞாயிறு, ஜொகூர் பாரு சபைக்கு மாறிப் போவதற்கு முன், நீ இங்கே பிரசங்கத்தில், நல்லது செய்தாலும் உலகம் நம்மைத் தள்ளிவிடும் என்று பேசினாய். எதிர் வீட்டில் இருக்கும் விதவைக்கு அது கேட்காதா, கனகு?

ஷர்மினி முதல் பிள்ளையைப் பெற்று வந்தபோது நம் வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. முப்பது நாளும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பத்தியச் சமையல் போட்டது கிருஷ்ணம்மா அக்காதான். நீ அவரை ஒருநாளும் ஆராதனைக்குக் கூப்பிட்டதில்லை. அப்போதெல்லாம் நாம் நன்றாகத்தான் இருந்தோம்.

ஒன்பதாம் தேதி வா. ஒரு மணி நேரம் அந்த வீட்டில் உட்கார். ஜெபம் வேண்டாம், விளக்கம் வேண்டாம். "தப்பு என் மேல" என்று சொல். அது போதும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.
தேன்மொழி


ஜொகூர் பாரு
25 பிப்ரவரி 2024

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு ஷர்மினி ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

உங்கள் கடிதம் என்னைக் கொஞ்சம் வருத்தியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் நோக்கம் கெட்டதா அக்கா? முப்பது வருஷமாக நாற்காலி கொடுத்தோம். அதனால் ஒரு குடும்பமாவது சபைக்கு வந்ததா? இருபது பேரோடு ஆரம்பித்து இருபது பேரோடே உட்கார்ந்திருந்தோம். கருத்தரங்கில் ஒருவர் என்னிடம், "பாஸ்டர், உங்க சபைல கடைசியா புது ஆள் வந்தது எப்போ?" என்று கேட்டார். அந்த அவமானம் உங்களுக்குப் புரியாது.

இங்கே அப்படி இல்லை. தொழிற்சாலைக் கட்டடத்தில் இரண்டாம் மாடி முழுக்க நமக்குத்தான். இப்போது நூற்றெண்பது பேர். வருஷக் கடைசிக்குள் முந்நூறு என்று மூப்பர்கள் இலக்கு வைத்திருக்கிறார்கள்.

ஒன்பதாம் தேதி கோத்தா திங்கியில் தலைவர்களுக்கான முகாம். நான்தான் நடத்துகிறேன். ஏப்ரலில் கட்டாயம் வருகிறேன். திவசத்துக்கு ஒரு பழக்கூடை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் சார்பில் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
கனகராஜ்


யோங் பெங்
17 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே விழைகிறேன். தைலம் வந்தது. நன்றாகவே எரிகிறது.

பழக்கூடையும் வந்தது. மேலே ஒரு அட்டை. ஒரு பக்கம் 'ஆழ்ந்த அனுதாபங்கள்', மறுபக்கம் உன் சபையின் பெயர், விலாசம், ஆராதனை நேரம். அதை நான் கொடுக்கவில்லை. ஆப்பிளை அறுத்து நம் சபைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன், ஆரஞ்சை நானே தின்றேன். நல்ல ஆரஞ்சு.

திவசத்துக்கு முப்பது பேர் வந்தார்கள். கடையிலிருந்து வாடகை நாற்காலி. நம் நாற்காலிகள் எதிரிலேயே பூட்டிக் கிடக்கின்றன. நான் போய் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கிருஷ்ணம்மா அக்கா ஒரே ஒரு தடவை, வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே, "தம்பி வரலையா?" என்று கேட்டார். முகாம் என்றேன். "அதுக்கும் வேலை இருக்கும்லா," என்றார். அவர் உனக்காகப் பரிந்து பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமைகளில் ஸ்டிக்கர்களைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். தேங்காயெண்ணெய் தடவி ஊற வைத்து, மழுங்கிய கத்தியால் எடுக்க வேண்டும். நாளுக்கு ஆறு நாற்காலிதான் முடிகிறது. நல்ல ஸ்டிக்கராகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறாய்.

ஏப்ரலில் வா.

தேன்மொழி


ஜொகூர் பாரு
2 ஜூன் 2024

அன்பான அக்காவுக்கு,

வாழ்த்துகள். சுகமா? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஈஸ்டர், பிறகு வாலிபர் கூட்டம், பிறகு சின்னவளுக்குக் காய்ச்சல். ஏப்ரல் எப்படிப் போனது என்றே தெரியவில்லை.

அந்த அட்டை ஆபீசில் வழக்கமாக வைப்பது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எழுத விருப்பமில்லை.

இருநூற்று நாற்பதைத் தாண்டிவிட்டோம். பாசிர் கூடாங், ஸ்கூடாய், மாசாய் என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரிலிருந்து நான்கு குடும்பங்கள். மேடையில் நிற்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கீழே இறங்கினால் பாதிப் பேருக்குப் பெயர் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வீட்டு வாசலில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது. பள்ளி விடுமுறையில் ஷர்மினியோடு வருகிறேன். அவள் இருந்தால் பேசுவது சுலபம்.

தம்பி,
கனகராஜ்


யோங் பெங்
23 ஜூன் 2024

தம்பி கனகராஜுக்கு,

ஆண்டவர் உன் குடும்பத்தைக் காப்பாராக. சின்னவளின் காய்ச்சல் விட்டதா? பப்பாளி இலைச் சாறெல்லாம் வேண்டாம், ரத்தப் பரிசோதனை செய். கிளினிக்கில் தினம் டெங்கிக் காய்ச்சல் பார்க்கிறேன்.

கிருஷ்ணம்மா அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டார். லோகேஸ்வரனுக்குச் சிங்கப்பூரில் நைட் ஷிப்ட் வேலை. தினம் பாலத்தைத் தாண்டிப் போய்வர இங்கிருந்து முடியாது, அம்மாவைத் தனியாக விடவும் மனசில்லை. போன ஞாயிறு லோரி வந்தது.

போகும் முன் அவரே நடந்து வந்தார். கையில் நம் நாற்காலி ஒன்று. அன்றைக்குப் பின்கட்டில் நின்றுவிட்டதாம். கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. "அத பிக்கலாமா கூடாதான்னு தெரியல, விட்டுட்டேன்," என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

லோகேஸ்வரன் புது விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தேன்மொழி


ஜொகூர் பாரு
28 ஜூலை 2024

அன்பான அக்காவுக்கு,

சமாதானம் உண்டாவதாக. சின்னவள் தேறிவிட்டாள், டெங்கி இல்லை. அக்கறைக்கு நன்றி.

கிருஷ்ணம்மா அக்கா போய்விட்டது வருத்தம்தான். ஆனால் மகனோடு இருப்பது அவருக்கு நல்லது. வயதான காலத்தில் தனியாக இருப்பது எத்தனை சிரமம். நாங்கள் குடும்பமாக அவருக்காக ஜெபித்துக்கொண்டோம். சில விஷயங்களைக் காலத்தின் கையில் விட்டுவிடத்தான் வேண்டும் போலிருக்கிறது.

டிசம்பர் நற்செய்திக் கூட்டத்துக்கு இப்போதே வேலை தொடங்கிவிட்டது. வண்டி நிறுத்த இடம்தான் பிரச்சினை. செல்வா என்ற தம்பி வாலண்டியர்களைப் பார்த்துக்கொள்கிறான், கெட்டிக்காரன். நீங்களும் ஒரு ஞாயிறு வந்து பாருங்கள்.

கனகராஜ்


யோங் பெங்
15 செப்டம்பர் 2024

தம்பிக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் ஒரு வரியைத் தேடினேன், இல்லை. போகட்டும்.

போன வாரம் மூன்றாவது லோரோங் சந்தில் ஒரு சீனத் தாத்தா இறந்தார். யாரும் கேட்கவில்லை. பத்து நாற்காலிகளை நானும் இன்னும் இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம். அவர் மகள் வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். கோந்துக் கறைதான் இருந்தது. பதினோரு பேர் சபை நாங்கள். இதைத்தான் எங்களால் செய்ய முடிகிறது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாசிர் கூடாங், ஸ்கூடாய், சிங்கப்பூர் என்று எழுதினாயே. உன் சபைக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பின்பக்கம் யார்?

தேன்மொழி


ஜொகூர் பாரு
8 டிசம்பர் 2024

அன்பான அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன், இனி நேரம் கிடைக்காது.

பின்பக்கம் ஏதோ மலிவு விலை பிளாட் இருக்கிறது. எல்லாம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்கு இருக்கமாட்டார்கள். ஒரு தடவை நம் தமிழ் ஆட்களின் தபால் பெட்டிகளில் துண்டுப் பிரசுரம் போட்டுப் பார்த்தோம். ஒருவரும் வரவில்லை. அதோடு விட்டுவிட்டோம்.

நல்ல செய்தி தெரியுமல்லவா? ஜனவரியிலிருந்து ஜொகூரிலும் வெள்ளிக்குப் பதில் ஞாயிறு விடுமுறை. இத்தனை வருஷம் ஞாயிறு லீவு எடுத்து வந்தவர்கள் இனி நிம்மதியாக வரலாம். முந்நூறு என்ன, நானூறே வரும்.

கனகராஜ்


யோங் பெங்
18 பிப்ரவரி 2025

தம்பி கனகராஜுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள். நான் நலமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை.

கிருஷ்ணம்மா அக்கா சனிக்கிழமை காலையில் இறந்துவிட்டார். நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு எடுத்திருக்கிறார்கள். லோகேஸ்வரனுக்கு யாருக்கு எப்போது சொல்வது என்று தெரியவில்லை. எனக்குச் செய்தி வந்தபோது ஞாயிறு சாயங்காலம். முகத்தைக் கூட நான் பார்க்கவில்லை.

இப்போது விலாசத்தை எழுதுகிறேன். உன் சபைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் பிளாட், 'சி' பிளாக், மூன்றாம் மாடி, நான்காவது வீடு. எட்டு மாதம் அங்கேதான் இருந்தார்.

லோகேஸ்வரன் அந்தத் தாளைக் கொடுத்தபோதே நான் பார்த்துவிட்டேன். வாடகை குறைவு, கம்பெனி பஸ் வாசலில் நிற்கும் என்று எடுத்திருக்கிறான். உன் சபை அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஓடிவந்து உனக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ கும்பலோடும் கூடையோடும் போய் நிற்பாய் என்று பயந்தேன். 'எங்கே போனார்' என்று நீயாக ஒரு வார்த்தை கேட்கட்டும், உடனே சொல்லலாம் என்று இருந்தேன். நீ கேட்கவில்லை. நானும் வீம்பாக இருந்துவிட்டேன். பின்பக்கம் யார் என்று கேட்டு ஒரு கடிதம் எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

நான் உனக்குப் பரீட்சை வைத்தேன், கனகு. அதில் தோற்றது நீ மட்டும் இல்லை. அவர் எட்டு மாதம் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தார், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தேன்மொழி


ஜொகூர் பாரு
24 பிப்ரவரி 2025

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் தைரியமில்லை.

உங்கள் கடிதத்தை ஷர்மினி படித்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "என்னையும் புள்ளையையும் குளிப்பாட்டின கைங்க அது. எனக்கு யாரும் சொல்லலையே."

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் இனி நான் மேடையில் ஏற முடியாது.

அந்த ஞாயிறு எங்கள் சபையின் ஆண்டு விழா. சிங்கப்பூரிலிருந்து விருந்தினர்கள். பத்தரை மணிக்கு ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். கார்கள் மெயின் ரோடு வரை நிற்கின்றன. எங்கள் வாசலும் அந்த பிளாட்டின் வாசலும் ஒரே சந்துதான். சந்தின் முனையில் ஒரு சவ வண்டி. நான்தான் செல்வாவைக் கூப்பிட்டு, "அவங்கள கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்திக்க சொல்லு, ஒரு மணி நேரம்தான்," என்றேன். செல்வா தயங்கினான். "சாவு வீடு பாஸ்டர்," என்றான். "மரியாதையா சொல்லு, கேப்பாங்க," என்றேன்.

கேட்டார்கள். வண்டி பின்னால் போய்விட்டது. அங்கிருந்து பிளாட் வாசலுக்குப் பக்கம் வண்டி வர வழியில்லை. சாக்கடையைத் தாண்டி, சைக்கிள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு தோளில் சுமந்து போனார்கள் என்று செல்வா பிறகு சொன்னான். ஏழெட்டுப் பேர்தானாம். உட்காரக் கூட ஒன்றுமில்லாமல் படிக்கட்டில் சில பெண்கள் இருந்தார்களாம். மேலே எங்களிடம் மெத்தை வைத்த நாற்காலிகள் நானூறு.

யார் வீட்டுச் சாவு என்று நான் கேட்கவில்லை அக்கா. அப்போதும் கேட்கவில்லை, மதியம் சாப்பிடும்போதும் கேட்கவில்லை. யோங் பெங்கில் ஒரு சாவு என்றால் நான் செருப்பு மாட்டாமல் ஓடியவன்தானே. எப்போது இப்படி ஆனேன்?

கனகராஜ்


யோங் பெங்
1 மார்ச் 2025

தம்பிக்கு,

படித்தேன். திட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. எனக்கு அந்த உரிமையும் இல்லை.

நாளைக்குப் பதினாறாம் நாள் காரியம். நாளைக்குப் போகாதே, அது அவர்கள் சொந்தங்களின் நாள். பிறகு போ. தனியாகப் போ. கையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பிடு.
தேன்மொழி


ஜொகூர் பாரு
24 மார்ச் 2025

அன்பான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் மாத்திரை போடுகிறீர்கள் என்று டாக்டர் சொன்னதாக ஷர்மினி சொன்னாள், சந்தோஷம்.

போனேன். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, நடந்தே. ஏறக்குறைய இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்கு வருகிறேன், எங்கள் வாசலைத் தாண்டி அந்தச் சந்தில் நடந்தது அதுதான் முதல் தடவை. என் ஆபீசிலிருந்து அவர் வீட்டுக் கதவுக்கு நான்கு நிமிஷம்.

லோகேஸ்வரன் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தான். பிறகு திறந்துவிட்டான். சின்ன ஹால். நாற்காலி இல்லை, பாயில் உட்கார்ந்தேன். மைலோ கலக்கிக் கொடுத்தான். குடித்து முடித்த பிறகு சொன்னேன்.

"தப்பு என் மேல தம்பி. உங்க அப்பாவுக்கும், அம்மாவுக்கும். அன்னிக்கு வண்டிய நகத்த சொன்னதும் நான்தான்."

"தெரியும் பாஸ்டர்," என்றான். "அந்த செல்வா சொல்லிட்டாரு. அவரும் வந்து ஒரு பக்கம் தூக்கினாரு."

இதை செல்வா என்னிடம் சொல்லவே இல்லை அக்கா. பாஸ்டரான நான் மேலே மைக்கைப் பிடித்திருந்தேன். நான் அனுப்பியவன் கீழே பெட்டி தூக்கியிருக்கிறான்.

அம்மாவுக்கு நான் இங்கே இருப்பது தெரியுமா என்று கேட்டேன்.

"வந்த மொத வாரமே தெரியும்," என்றான். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஸ்பீக்கர் சத்தம் இங்க ரொம்ப கேக்குது. நானு, பக்கத்து வீடு, கீழ் வீடு, எல்லாம் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து படுக்கற நேரம் அது. நான் மேல வந்து சொல்லலாம்னு எத்தனையோ தடவ கெளம்பினேன். அம்மா விடல. 'நம்ம கனகராஜ் தம்பி பேசுது, பேசட்டும் லா'ன்னு சொல்லிட்டு, ஜன்னல தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்து கேப்பாங்க. இப்ப அம்மா இல்ல. அதான் சொல்றேன். கொஞ்சம் கொறச்சிக்குங்க, பாஸ்டர்."

குறைக்கிறேன் என்றேன். வேறு எதுவும் அந்தக் கட்டடத்தில் இருப்பவர்கள் நம்மிடம் கேட்கவில்லை.

நேற்று ஞாயிறு. ஸ்பீக்கரைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டோம். பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்று இரண்டு மூப்பர்கள் முகம் சுளித்தார்கள். ஆராதனை நடக்கும்போது பின்பக்கம் பார்த்தேன். மூன்றாம் மாடி, நான்காவது வீடு, ஜன்னல் சாத்தியிருந்தது. அவன் நன்றாகத் தூங்கியிருப்பான் என்று நினைக்கிறேன்.

உங்கள் தம்பி,
கனகராஜ்